ஆட்டம் அழியாமல் பார்ப்பவள்: கொழும்பு நாட்குறிப்பு

வியாழன் இரவு, வெள்ளவத்தை

மட்டக்களப்பிலிருந்து உதயதேவி ரயிலில் ஏறி, பின்னேரம் கொழும்புக் கோட்டையில் இறங்கினேன். வழியைப் பற்றி எழுத அதிகமில்லை. மாகோ சந்தியில் ரயில் நெடுநேரம் நின்றது. பொல்கஹவெலையில் இறால் வடை கிடைத்தது. 100ஆம் இலக்க பஸ் காலி வீதியில் ஊர்ந்து ஊர்ந்து வெள்ளவத்தைக்கு வந்தபோது கடைகளில் விளக்கு ஏற்றிவிட்டார்கள்.

ஒருத்தியின் வேலையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். நான் படித்த ஆசிரியையிடமே எனக்குப் பின்னால் பரதம் பயின்றவள். இங்கே ஒரு வங்கியில் வேலை. மாலைகளிலும் வார இறுதிகளிலும் ஆங்கில இசை நாடகம் ஒன்றில் டான்ஸ் கப்டன். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். வீட்டில் அவளை அழைப்பது போலத் தங்கச்சி என்றே எழுதுகிறேன்.

டான்ஸ் கப்டன் என்றால் முன்வரிசையில் நின்று ஆடும் சிறந்த நடனக்காரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நடன அமைப்பாளர் ஆட்டத்தை உருவாக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அதன்பின் அந்த ஆட்டம் கடைசி மேடையேற்றம் வரை அவர் அமைத்தபடியே இருக்கிறதா என்று பார்ப்பதும், கலைந்தால் சீர்செய்வதும், புதிதாக வருபவருக்குக் கற்றுக்கொடுப்பதும் டான்ஸ் கப்டனின் பொறுப்பு. பெரும்பாலும் அவரும் அந்தக் குழுவில் ஒருவர்தான். தான் திருத்துகிறவர்களோடு அதே உடைமாற்றும் அறையில் அமர்ந்து முகப்பூச்சைத் துடைக்க வேண்டியவர்.

இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். நாளை ஒத்திகை.

வெள்ளி இரவு

ஒத்திகை ஒரு பாடசாலை மண்டபத்தில். தங்கச்சி வங்கியிலிருந்து நேரே வந்து, கைப்பையை வைத்தவுடன் செய்த முதல் காரியம் தரையில் வெள்ளை நாடா ஒட்டியது. மேடையின் முன்விளிம்பு வரவேண்டிய இடத்தில் ஒரு நீண்ட கோடு. நடுவில் பூச்சியம். அங்கிருந்து இரு பக்கமும் இரண்டு அடிக்கு ஓர் எண்: 2, 4, 6, 8 என்று ஓரம் வரைக்கும். நியூயோர்க்கின் பிராட்வே மேடைகளிலும் இதே முறைதான். "கொஞ்சம் உள்ளே வா, இன்னும் கொஞ்சம்" என்று யாரும் கத்துவதில்லை. "இடது ஆறு" என்றால் இடது ஆறு. ஒத்திகை மண்டபத்தில் ஆறில் நின்றவர் அரங்கிலும் ஆறில் நிற்பார்.

பிறகு கொப்பியை எடுத்தாள். கொப்பி என்று சொன்னாலும் அது தடித்த கோப்பு. எட்டு எண்ணிக்கைக்கு ஒரு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் மேலிருந்து பார்த்தாற்போல ஒரு மேடைப் படம்; ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம்; யார் எந்த எண்ணில் நிற்கிறார், எந்தப் பக்கம் நகர்கிறார், குறுக்கே போகும்போது யார் யாருக்கு முன்னால் போகிறார் என்பதற்கு அம்புக்குறி. ஓரத்தில் கால் அசைவுகள். எண்களுக்குப் பதிலாக அவள் "தகதிமி தகஜொணு" என்று எழுதியிருந்தாள். பரதத்துக்குத் தாளம் சொல்லும் நட்டுவாங்கத்தைக் கேட்டு வளர்ந்த காது, ஆங்கிலப் பாட்டையும் இப்படிச் சொற்கட்டாகத்தான் வாங்குகிறது. குழுவுக்கு மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சொல்கிறாள்.

கொப்பியின் பின்பாதிதான் என்னை வியக்க வைத்தது. அதில் ஆட்டம் ஆள்வாரியாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. ஓர் ஆள் மாலை முழுவதும் செய்யும் எல்லாம் தொடர்ச்சியாக: வலது இரண்டாம் பக்கத்திரையால் உள்ளே, நான்கில் நில், பாட்டு முடிந்ததும் கதிரையை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் வெளியே, நாற்பது விநாடிக்குள் உடை மாற்று, பின்திரைக்குப் பின்னால் ஓடி மறுபக்கம் வா. இந்த முழு வழியையும் அவர்கள் டிராக் என்கிறார்கள். யாருக்காவது இயலாமல் போனால், அவருடைய டிராக்கில் இறங்குவதற்கென்றே ஸ்விங் என்று ஒருவர் இருப்பார். ஸ்விங் ஒரு பாத்திரத்துக்கு மட்டும் மாற்று ஆள் அல்ல. குழுவில் உள்ள பலருடைய டிராக்குகளையும் தலையில் வைத்திருப்பவர். இன்று யாராக ஆடப் போகிறோம் என்பது அரங்குக்கு வந்தபின்தான் தெரியவரும். ஒரே நாளில் இருவர் வரமுடியாமல் போனால், இருவருடைய டிராக்குகளிலிருந்தும் விடமுடியாத துண்டுகளை எடுத்து ஒன்றாகக் கோத்து ஒருவரிடம் கொடுப்பார்கள். அந்தக் கோர்வையைச் சில மணித்தியாலத்தில் செய்து கொடுப்பது டான்ஸ் கப்டன்.

பிராட்வேயில் கிழமைக்கு எட்டுக் காட்சிகள். நடிகர் சங்கத்தின் ஒப்பந்தப்படி டான்ஸ் கப்டனுக்கு மேலதிகச் சம்பளம் உண்டு. இங்கே எல்லோரும் ஆசைக்காக ஆடுகிறவர்கள். தங்கச்சிக்குச் சம்பளமும் இல்லை, மேலதிகமும் இல்லை.

தேநீர் இடைவேளையில் நடந்த ஒன்றை எழுதத்தான் வேண்டும். குழுவில் ஒரு தம்பி. நல்ல உயரம், நல்ல துள்ளல். ஒரு திருப்பத்தில் அவன் கை கிழமைக்குக் கிழமை மேலே போய்க்கொண்டிருந்திருக்கிறது. தங்கச்சி ஆட்டத்தை நிறுத்தவில்லை. எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லவும் இல்லை. அவன் தேநீர் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் பக்கத்துக் கதிரையில் போய் அமர்ந்தாள்.

"தம்பி, அந்தத் திருப்பத்தில் கை தோளோடு நிற்க வேண்டும். மேலே போனால் பின்னால் நிற்கிறவளின் முகம் மறைகிறது. அவள் அந்த இடத்தில்தான் பாடத் தொடங்குகிறாள்."

"நான் உயர்த்துகிறேன் என்றே எனக்குத் தெரியாது அக்கா."

"தெரியாது. யாருக்கும் தெரியாது. அதற்குத்தானே நான் இருக்கிறேன்."

அடுத்த முறை கை தோளோடு நின்றது. ஆடுகிறவருக்குத் தன் ஆட்டம் மெல்ல மெல்ல நகர்வது தெரிவதில்லை. ஒவ்வொரு நாளும் ஓர் அங்குலம். மாத முடிவில் அது வேறு ஆட்டம். அதே ஒத்திகையில் இன்னொருத்தி, சோகமான ஒரு பகுதியில் தலையைச் சற்றுத் தாமதமாகத் திருப்பினாள். கொப்பியில் அப்படி இல்லை. தங்கச்சி பார்த்தாள், குறித்துக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "தாளம் தவறவில்லை, யாரையும் மறைக்கவில்லை, அமைத்தவர் சொல்ல வந்ததை அவள் இன்னும் நன்றாகச் சொல்கிறாள். அதை ஏன் பறிக்க வேண்டும்?" எதைத் திருத்துவது, எதை விடுவது என்ற இந்தத் தெளிவு கொப்பியில் எழுதிவைக்கக் கூடியது அல்ல. எனக்கு இந்த வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

சனி

காலையில் கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் பொன்னம்பலவாணேசரை வணங்கினேன். கருங்கல் தூண்களுக்கு நடுவில் வெளியே எரித்த வெயில் தெரியவில்லை. மதியம் கறுவாத்தோட்டம், கில்ட்ஃபோர்ட் கிரசன்ட், லயனல் வென்ட் அரங்கு. நாடகம் மேடையேறப் போவது இங்கே. புகைப்படக் கலைஞரும் பியானோ வாசிப்பவருமான லயனல் வென்ட் 1944இல் மறைந்தார். அவருடைய வீடு இருந்த இடத்தில் எழுந்த அரங்கு இது.

வெறுமையான இருக்கைகளுக்கு நடுவில் நின்றபோது நான் நினைத்தது 1956 நவம்பர் 3ஐ. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் சிங்கள நாடகமான 'மனமே' அன்று இதே அரங்கில்தான் முதன்முதலாக மேடையேறியது. 'நாடகம' என்ற பழைய சிங்கள ஆட்ட மரபிலிருந்து அவர் எடுத்த அந்த வடிவத்துக்கும் நமது கூத்துக்கும் உள்ள உறவு அறிந்தவர்களுக்குத் தெரியும். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களோடு மேடைக்குக் கொண்டுவந்தது அதற்குப் பின்னால்: 1962இல் 'கர்ணன் போர்', தொடர்ந்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை'. 'மனமே' இன்றும் புதிய புதிய நடிகர்களோடு ஆடப்படுகிறது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றியவர்கள் இருந்ததால்தான் அது நடக்கிறது.

எங்கள் ஊர்க் கூத்தில் இந்த வேலைக்கு ஆள் இருந்தார்கள். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஆட்டம் பழக்கிவிட்டுப் போய்விடுவதில்லை. ஆடுகிறவர்களுக்குப் பாத்திரங்களைப் பிரித்துச் சட்டம் கொடுத்த நாளிலிருந்து, கிழமைக்கூத்து என்ற வாராந்த ஒத்திகை, அடுக்குப் பார்த்தல் என்ற முழு ஒத்திகை, அரங்கேற்றம் வரை கூடவே இருப்பார். விடிய விடிய நடக்கும் கூத்தில் களரி என்ற ஆடுகளத்துக்கு நடுவிலேயே மத்தளத்தோடு நிற்பார். ஒருவன் வரவு ஆட்டத்தில் தாளம் இழுத்தால் மத்தளத்தாலேயே அவனை இழுத்து நிறுத்துவார். ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டு எடுத்துக் கொடுக்க ஏட்டண்ணாவியார் வேறு. அந்த அமைப்பை எங்கள் பரத நாட்டிய நாடகங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. ஆசிரியை ஒருவரே எல்லாம்; அவர் மனதில் இருக்கும்வரை ஆட்டம் இருக்கும். போர்க்காலத்தில் ஆசிரியைகள் கடல் கடந்தார்கள், மாணவிகள் கடல் கடந்தார்கள், ஆட்டங்கள் போன இடம் தெரியவில்லை. எத்தனை நாட்டிய நாடகங்களை இப்படித் தொலைத்திருக்கிறோம் என்று நினைக்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

மாலையில் மேடையில் இடம் பழகினார்கள். பாடசாலை மண்டபத்தைவிடப் பக்கத்திரைகளுக்கு இடையே உள்ள வழி வேறாக இருந்ததால் வெளியேறும் இடங்கள் நான்கு மாறின. தங்கச்சி முழந்தாளிட்டு எண்களை ஒட்டினாள். பிறகு மேடை முகாமையாளரோடு நின்று, எந்தக் கதிரை எந்த எண்ணிக்கையில் யார் கையால் போகிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

ஞாயிறு, நள்ளிரவுக்குப் பின்

காலை ஏழு மணிக்குத் தொலைபேசி. குழுவில் ஆடும் பெண் ஒருத்திக்குக் கடும் காய்ச்சல். டெங்குவாக இருக்கலாம் என்று வைத்தியர் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். இரவு ஏழரைக்குக் காட்சி.

தங்கச்சி பதறவில்லை. "அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றாள். அடுத்த அழைப்பு ஸ்விங்குக்கு. அவர் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. இரண்டு மணிக்கு முழுக்குழுவும் அரங்கில் இருக்க வேண்டும் என்று மேடை முகாமையாளர் செய்தி அனுப்பினார்.

புதிய ஆளை ஆட்டத்துக்குள் சேர்க்கும் ஒத்திகை இது. மற்ற எல்லோரும் பயிற்சி உடையில். கணித ஆசிரியை மட்டும் முழு ஒப்பனை உடையில், அன்றிரவு போடப்போகும் அதே செருப்போடு. பாவாடையின் அகலம் எங்கே தடுக்கும், எந்தப் படியில் கால் சிக்கும் என்பது உடையோடு ஆடினால்தான் தெரியும். முழு நாடகத்தையும் ஓட்ட நேரமில்லை. அவர் இன்னோர் ஆளைத் தொடும் இடங்கள், குறுக்கே கடக்கும் இடங்கள், பொருள் கைமாறும் இடங்கள், உடை மாற்றும் இடங்கள் ஆகியவற்றை மட்டும் எடுத்தார்கள். தனியாக ஆடும் பகுதிகளைத் தங்கச்சி விட்டுவிட்டாள். "அவை உங்களுக்குத் தெரியும் மிஸ். தெரியாதது மற்றவர்களின் தோள் எங்கே வரும் என்பதுதான்." அவரைவிட உயரம் குறைந்த பெண் ஆடிய இடம் அது, ஆகவே பக்கத்தில் நிற்பவன் அரை அடி விலகி ஆட வேண்டும் என்று அவனையும் நான்கைந்து தடவை ஆடவைத்தாள். புதிதாக வருபவர் மட்டும் பழகினால் போதாது. பழையவர்களும் அவருக்கு இடம்விடப் பழக வேண்டும். இதை நான் இன்றுதான் கண்ணால் கண்டேன்.

ஆறரைக்கு மீண்டும் ஒரு முறை. ஒருவரை ஒருவர் தூக்கும் இடங்களை எல்லாக் காட்சிக்கும் முன்பாகச் செய்து பார்க்கிறார்கள்; முதலில் பாதி வேகத்தில், பிறகு முழு வேகத்தில். நேற்றுச் சரியாக வந்தது என்பதற்காக இன்று விடுவதில்லை. தூக்கும் பையனின் தோளில் வலி இருக்கிறதா என்று தங்கச்சி கேட்டாள். இருக்கிறது என்று அவன் சொல்லியிருந்தால், தூக்காமல் செய்வதற்கான மாற்றும் கொப்பியில் இருந்தது.

வாசலில் ஒரு தாள் ஒட்டினார்கள்: இன்றிரவு இந்த இடத்தில் இவர் ஆடுகிறார் என்று. நியூயோர்க்கில் நிகழ்ச்சிக் கையேட்டுக்குள் இப்படியொரு சிறு தாளைச் செருகிக் கொடுப்பார்கள். மிக நல்ல வழக்கம்.

காட்சி முழுவதும் நான் தங்கச்சிக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில். அவள் மடியில் சிறு கொப்பி. இருட்டில் பார்க்காமலே எழுதுகிறாள். மேடையில் கணித ஆசிரியை நான்கிலிருந்து எட்டுக்குக் கடக்கும் இடம் வந்தபோது தங்கச்சியின் பேனா நின்றுவிட்டது. பையன் அரை அடி விலகினான். ஆசிரியை அந்த இடைவெளிக்குள் புகுந்து, திரும்பி, எட்டில் போய் நின்றார். எங்கள் முன்வரிசையில் இருந்த யாருக்கும் அங்கே ஒன்று நடந்தது தெரியாது. நான் அழுதுவிட்டேன். கதைக்காக அல்ல, அந்த அரை அடிக்காக.

திரை விழுந்ததும் எல்லோரும் கதாநாயகியைச் சூழ்ந்துகொண்டார்கள். அது நியாயம், நன்றாகப் பாடினார். ஆனால் கையேட்டில் டான்ஸ் கப்டனின் பெயரும் ஸ்விங்கின் பெயரும் இருக்கிறதா என்று நான் தேடினேன். இருந்தன. நம்முடைய நிகழ்ச்சி நிரல்களில் வாழ்த்துரை வழங்கியவர்களுக்கு ஒரு பக்கமே இருக்கும். குழுவை நிமிர்த்தி வைத்த மூத்த மாணவிக்கு ஒரு வரி இருக்காது. இது மாறியாக வேண்டும்.

திங்கள்

தங்கச்சி விடுமுறை எடுத்திருந்தாள். எனக்காகத்தான்.

எங்கள் ஆசிரியை கண்ணகி கதையை வைத்து ஒரு நாட்டிய நாடகம் அமைத்திருந்தார். மதுரை எரியும் காட்சியில் தீயாக ஆடுவதற்கே ஒரு பெரிய குழு. கண்ணகி கோயில்களில் வைகாசியில் நடக்கும் குளிர்த்திச் சடங்கைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியை இப்போது இல்லை. இருப்பது ஒரு வீடியோ கசெட்டிலிருந்து எடுத்த பிரதி. அதில் கமரா கண்ணகியின் முகத்தை விட்டு நகரவே இல்லை. தீ முழுவதும் படச்சட்டகத்துக்கு வெளியே. இடையிடையே ஒரு கை, ஒரு சிவப்புத் தாவணி, அவ்வளவுதான்.

இதை எப்படி மீட்பது என்று கேட்கவும்தான் நான் கொழும்புக்கு வந்தேன்.

"படத்தை நம்பாதே அக்கா," என்றாள். "அன்றைக்கு யாராவது தவறியிருந்தால் அந்தத் தவறுதான் படத்தில் இருக்கும். ஆடியவர்களைப் பிடி." அமெரிக்காவில் ஆட்டத்தை எழுதி வைக்கும் பழக்கம் வலுவாக உண்டு. ருடொல்ஃப் லாபன் 1928இல் வெளியிட்ட குறியீட்டு முறையில் எழுதிப் பதிவுசெய்ததால்தான், ஹன்யா ஹோம் என்பவர் 1948இல் ஓர் இசை நாடகத்துக்கு அமைத்த நடனம் 1952இல் காப்புரிமை பெற்றது. ஆனால் எழுத்தைவிட ஆட்களால் காக்கப்பட்டவை அதிகம். மைக்கல் பெனட் அமைத்து 1975இல் பிராட்வேக்கு வந்த 'எ கோரஸ் லைன்' 6,137 காட்சிகள் ஓடி 1990இல் நின்றது. அமைத்தவர் 1987இலேயே இறந்துவிட்டார். அதில் முதல் குழுவில் ஆடிய பேயோர்க் லீ அந்த ஆட்டத்தை நாடு நாடாகச் சென்று புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2006இல் அது மீண்டும் பிராட்வேக்கு வந்தபோதும் நடனத்தை மீட்டு அமைத்தவர் அவரே. தங்கச்சி இதைச் சொன்னபோது, அவள் முகத்தில் தன் குலத்து மூத்தவர் ஒருவரைப் பற்றிப் பேசும் பெருமை.

பிறகு செய்முறை. நடுவில் தொடங்காதே, உள்ளே வந்த வழியையும் வெளியே போன வழியையும் முதலில் கேள் என்றாள். யாருக்கும் தான் எந்தப் பக்கத்தால் ஓடினோம் என்பது மறப்பதில்லை. உட்காரவைத்துக் கேட்காதே, பாட்டைப் போட்டு எழுந்து நிற்கச் சொல், கால் தானாகப் போகும். பக்கத்தில் யார், முன்னால் யார் என்று கேள். ஒருவர் சொல்வதை மற்றவர் சொல்வதோடு பொருத்து. இருவரும் ஒரே இடத்தைச் சொன்னால் இருவரையும் தொலைபேசியில் ஒன்றாகப் பேசவிடு.

சொன்னதோடு நிற்கவில்லை. பாட்டை ஓடவிட்டு எழுந்தாள். அவள் அந்தத் தீயில் கடைசி வரிசையில் ஆடிய சிறுமி. கூடத்து மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு, "தகதிமி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இடப்பக்கத்திலிருந்து வந்தாள். இரண்டு சுற்று, அரைமண்டி, எழும்பும் கை. மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டாள். "இங்கே எனக்கு முன்னால் ஒருத்தி குறுக்கே போவாள். அவளுக்காகத்தான் நான் ஒரு மாத்திரை காத்திருப்பேன். யாரவள்?" எனக்கும் தெரியவில்லை. கொப்பியில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டோம்.

செவ்வாய், உதயதேவியில்

கோட்டையை விட்டு ரயில் புறப்பட்டுவிட்டது. மடியில் புதிய கொப்பி. எட்டு எண்ணிக்கைக்கு ஒரு பக்கம் என்று தங்கச்சி கோடு போட்டுத் தந்திருக்கிறாள். தீக்காட்சியில் அவளுடைய வழி பச்சை நிறத்தில் முழுதாக இருக்கிறது, என்னுடையது நீலத்தில். மற்ற நிறங்கள் காத்திருக்கின்றன.

எங்கள் ஆசிரியையின் கண்ணகியில் தீயாக ஆடியவர்கள் ரொறன்ரோவில் இருக்கிறீர்கள், இலண்டனில் இருக்கிறீர்கள், சூரிச்சில், மெல்பேர்னில், சிலர் எங்கள் ஊரிலேயே இருக்கிறீர்கள். இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். எந்தப் பக்கத்தால் வந்தீர்கள், உங்களுக்கு முன்னால் யார் நின்றார், எந்தச் சொற்கட்டில் திரும்பினீர்கள். முழுதாக நினைவில்லாவிட்டாலும் ஒரு சுற்றாவது எழுதுங்கள். முக்கியமாக, மூன்றாவது சுற்றில் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே ஓடியவர் யார் என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். அவர் கிடைத்தால் பின்வரிசை முழுவதும் கிடைத்துவிடும்.